சிவப்புப் பையும் நீலப் பையும் மாதாவும்

மாதா வந்துவிட்டார். ஆட்கள் வரவில்லை.

போன கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் நடந்தது இது. செபமாலை மாதம் அல்லவா? எங்கள் பக்கத்தில் மாதாவின் சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். ஒரு மாலை வந்தால் மறுநாள் மாலை வரை அந்த வீட்டில் தங்கும். பிறகு அந்த வீட்டுக்காரரே தூக்கிக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு போய், அடுத்த வீட்டு வாசலில் கொடுக்க வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்ப முடியாது. வீட்டுக்காரியின் கையிலிருந்து வீட்டுக்காரியின் கைக்கு... அதுதான் முறை.

கோயிலில் கதிரைகள் இரவல் வாங்கி என் ஓட்டோவில் ஏற்றி வந்து வரிசையாகப் போட்டிருந்தேன். என் மனைவி கொன்சி கடலை அவித்து, தேங்காய்ச் சொட்டு வெட்டிப் போட்டு, பெரிய சட்டியில் மூடி வைத்திருந்தாள். செபம் முடிந்தபோது சட்டி அப்படியே இருந்தது. கதிரைகளில் பாதிக்கு மேல் காற்றுத்தான் உட்கார்ந்திருந்தது.

என் தங்கை றெஜீனாவும் அவளுடைய பக்கத்து ஆட்களும் கேற் வாசல் வரைக்கும் வந்தார்கள். மாதா வாசல்படி தாண்டியதும் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். அது கூடப் பரவாயில்லை. லூர்து அக்கா வரவேயில்லை. அதுதான் என் நெஞ்சில் இடித்தது.

லூர்து அக்கா எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவின் கடைசி வீட்டில் தனியாக இருப்பவர். கருவாடு காயப்போட்டுச் சீவிக்கிறவர். மகன் வெளியூரில் வேலை. எங்கள் செபக்குழுவில் பாட்டு எடுக்கிறவர் அவர்தான். மாதாவைத் தூக்கிக்கொண்டு வீதியில் நடக்கும்போது முதல் அடியை அவர் எடுத்தால்தான் மற்றவர்களுக்கு வாய் திறக்கும். காய்ச்சலோடும் வந்து பாடினவர். அவருடைய கதிரை வெறுமையாக இருந்தால் என்ன அர்த்தம்?

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அடுத்த வீடு... அதாவது மறுநாள் மாதா போகவேண்டிய வீடு... றெஜீனாவின் வீடு.

கொன்சிக்கும் றெஜீனாவுக்கும் பேச்சில்லை. வாசலில் சுரூபத்தைக் கொடுக்கும்போது இரண்டு பேரும் அதைப் பிடித்தபடி ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரம் ஒன்று சொல்ல வேண்டும். கொண்டுபோகிறவள் முதல் பாதி. வாங்குகிறவள் மறு பாதி. ஒருத்தி தொடங்க மற்றவள் முடிக்காவிட்டால்?

அன்றிரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

இவ்வளவுக்கும் காரணம் காணியா, வேலியா, சீதனமா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. போனில் சாமான் வாங்குகிற கடை!

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். தலைமன்னார்ப் பக்கத்தில் ஓட்டோ ஓடுகிறவன் நான் என்பது இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். போனில் ஓடர் பண்ணும் சாமான் எங்கள் ஒழுங்கைக்கு வராது. மன்னார் டவுனில் கூரியர்க் கந்தோர் வரைக்கும்தான் வரும். அங்கிருந்து எடுத்து வந்து வீட்டுக்கு வீடு கொடுப்பது என் வேலை. அதனால்தான் இந்தச் சண்டையை நான் ஆரம்பத்திலிருந்து பார்க்க முடிந்தது. பையின் நிறத்தை வைத்தே பார்த்தேன்.

முதலில் சிவப்புப் பை மட்டும்தான். அந்தக் கடையின் பெயர் எதற்கு? சிவப்புக் கடை என்றே சொல்லுவோம். கொன்சி அதில் ஒரு தலையணை உறை வாங்கினாள். உடனே போனில் ஒரு செய்தி. ‘உங்கள் நண்பரைக் கூட்டி வாருங்கள், பரிசு பெறுங்கள்.’ கூடவே அவளுக்கென்று ஒரு கோட், நாலைந்து எழுத்தும் இலக்கமும் சேர்ந்தது. அந்தக் கோட்டைப் போட்டு இன்னொருவர் முதல் சாமானை வாங்கினால் கொன்சிக்குப் பொயின்ற் ஏறும். பொயின்ற் சேர்ந்தால் சாமான் மலிவு. நிறையச் சேர்ந்தால் ‘தங்க உறுப்பினர்’. தங்கத்துக்கு டெலிவரிக் காசே இல்லை.

கொன்சி என்ன செய்தாள்? எங்கள் அன்பியத்தின் வட்ஸ்அப் குழுவில் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டாள்.

அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு. அதில் வருவது எல்லாம் இப்படித்தான் இருக்கும் — இன்னார் இறைவனடி சேர்ந்தார், நல்லடக்கம் பின்னேரம். இன்னாருடைய போட் இன்னும் கரைக்கு வரவில்லை, செபியுங்கள். திருநாளுக்கு ஒவ்வொரு வீடும் இவ்வளவு. இதற்கு நடுவில், ஒரு மரண அறிவித்தலுக்குக் கீழே, கொன்சியின் கோட்!

எங்கள் சனம் அந்தக் குழுவில் வருவதைக் கேள்வி கேட்டுப் பழகியதில்லை. செபிக்கச் சொன்னால் செபிக்கும். பந்தலுக்கு வரச் சொன்னால் வரும். போனில் விரலால் அமத்தச் சொன்னால்... அமத்தும். எல்லாரும் அமத்திவிட்டார்கள். லூர்து அக்கா என்னிடம் பிறகு கேட்டார்:

“தம்பி, நான் அமத்திப்போட்டன். இது திருநாளுக்கோ, இல்லாட்டி கோயில் கூரைக்கோ?”

“அக்கா, இது கடை. கொன்சியின்ர கோட்.”

“ஓ... அப்ப கொன்சிக்கு நல்லதெண்டா நல்லதுதானே.”

முதல் சாமான் ஏதாவது வாங்கினால்தான் கணக்கில் சேருமாம். தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்து, வீட்டுப் பீடத்தில் இருக்கும் மாதாவுக்குச் சுற்றிக் கட்ட ஒரு மினுங்குகிற லைற் மாலை வாங்கினார். சிவப்புப் பையில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான்.

அந்தக் காலத்தில் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. ஒரு கடைதானே? பரிசும் சின்னதாக இருந்தது. ஆசையும் சின்னதாக இருந்தது.

பிறகு நீலப் பை வந்தது.

நீலக் கடை வந்த உடனேயே சொன்னது: கூட்டி வருகிறவருக்கும் பரிசு, கூட வருகிறவருக்கும் பரிசு. சிவப்பு விடுமா? தானும் இரண்டு பேருக்கும் என்றது, அதுவும் இரட்டிப்பு. நீலம் விடுமா? முதல் சாமானுக்கு டெலிவரி இலவசம், மன்னார்த் தீவுக்கும் இலவசம் என்றது. அதுவரைக்கும் எங்களைத் தூர இடம் என்று கூலி கூட்டிக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள்! ஒரே கிழமையில் நாங்கள் கிட்ட வந்துவிட்டோம். தீவு அசையவில்லை; போட்டிதான் எங்களை அசைத்தது.

நீலக் கடையின் கோட் றெஜீனாவின் கையில். அவள் புருஷன் பிடிக்கிற மீனுக்கு ஐஸ்பெட்டி தேவைப்பட்டது. அந்தக் கடையில்தான் மலிவாக இருந்தது. அதில் தொடங்கினாள். நியாயம்தான். ஆனால் அவளும் அந்தக் கோட்டை எங்கே போட்டாள் தெரியுமா?

வேறு எங்கே? அன்பியத்தின் குழுவில்தான். கொன்சியின் கோட்டுக்குக் கீழேயே.

எங்கள் அன்பியத் தலைவர் செபமாலை அண்ணைக்குப் பொறுக்கவில்லை. ‘இது செபக்குழு. வியாபாரம் வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் போட்டார். எல்லாரும் கைகூப்பிய படம் போட்டு ஆமென் சொன்னார்கள். அடுத்த கிழமை செபமாலை அண்ணையின் பெயருக்கு ஒரு நீலப் பை வந்தது. கொடுக்கும்போது நான் ஒன்றும் பேசவில்லை. அவர்தான் பேசினார்.

“தம்பி, இது... கோயிலுக்கு ஒரு மைக் வயர்.”

“ஓம் அண்ணை.”

“றெஜீனா கேட்டவள். ஞானஸ்நானத்தில இருந்து தெரிஞ்ச பிள்ளை. எப்பிடி மாட்டன் எண்டிறது?”

அவரையும் குறை சொல்ல முடியாது. யாரால் முடியும்? கேட்பது கடைக்காரன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கேட்பது மச்சாளும் சித்தியும் ஞானத்தாயுமாக இருந்தால்? அந்தக் கடைகள் கண்டுபிடித்தது இதைத்தான். பத்திரிகையில் விளம்பரம் போடத் தேவையில்லை. எங்களுக்குள் ஏற்கனவே இருந்த அன்பில் ஒரு கோட்டை ஒட்டிவிட்டால் போதும். அதுவே வீடு வீடாக நடந்து போகும்.

கொன்சிக்கு முருங்கனில் சொந்தம் அதிகம். வயற்காரர். அவர்கள் முழுக்கச் சிவப்பு ஆனார்கள். றெஜீனாவின் மாமியார் பக்கம் இலுப்பைக்கடவை. அங்கே முழுக்க நீலம். மன்னாரில் உயிர் கொடுத்த மறைசாட்சிகளின் விசுவாசம் கூட இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது — ஆண்டவர் என்னை மன்னிப்பாராக.

என் நிலையைக் கேளுங்கள். ஓட்டோவின் பின் சீற்றில் இரண்டு நிறமும் இருக்கும். தங்கையின் வீட்டைக் கடக்கும்போது சிவப்புப் பைகளுக்கு மேல் சாக்கைப் போடுவேன். என் வீட்டு வாசலுக்கு வருமுன் நீலப் பைகளுக்கு மேல் சாக்கைப் போடுவேன். ஒரு நாள் நடுறோட்டில் கழுதைக் கூட்டம் மறித்து நிற்க, சாக்கை மாற்ற மறந்துபோனேன். கொன்சி பார்த்துவிட்டாள்.

“என்னப்பா, தங்கச்சிக்கு இவ்வளவு வருதோ?”

“எல்லாம் அவளின்ர இல்லையப்பா. ஊராக்களின்ர.”

“அதைத்தான் கேக்கிறன். ஊராக்கள் எப்ப அவளின்ர ஆக்களானவை?”

இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவளுடைய குரல் எனக்குப் புதிதாக இருந்தது. நான் கட்டிக்கொண்டு வந்த கொன்சி ஊராரை இப்படிப் பிரித்துப் பேசினவள் இல்லை.

எங்கள் சந்தியில் கடை வைத்திருக்கும் நஸீர் நானாவையும் இது தொட்டது. சவுக்காரமும் சீனியும் கூடப் பையில் வரத் தொடங்க, அவரும் அட்டையில் ஒரு கார்ட் அடித்துவிட்டார். ஒவ்வொரு தரம் வரும்போதும் அதில் ஒரு முத்திரை குத்துவார். கார்ட் நிறைந்தால் ஒரு பக்கெட் பிஸ்கட்.

“நானா, உங்களுக்கு ஏன் இது?” என்று கேட்டேன்.

“என்ன செய்ய வாப்பா? அவன் போன்ல ‘அன்பான வாடிக்கையாளரே’ எண்டு கூப்பிடுறான். நான் இவ்வளவு காலமும் ஒருத்தரையும் அப்பிடிக் கூப்பிட்டதில்லை. பயமாக்கிடக்கு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

இதுவரைக்கும் நடந்தது போட்டி. அதன்பிறகு நடந்ததைத்தான் சண்டை என்கிறேன்.

நீலக் கடை ஒரு புதுச் சலுகை போட்டது. மற்றக் கடையில் வாங்குகிற ஒருவரைத் தன் பக்கம் கூட்டி வந்தால் பரிசு மூன்று மடங்கு! புது ஆள் வேண்டாம்... அடுத்தவனுடைய ஆள்தான் வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஒழுங்கையில் எல்லாரும் ஏற்கனவே ஏதோ ஒன்றில் சேர்ந்தாகிவிட்டது. இனிப் பிடிப்பதென்றால் மச்சாளின் ஆளைத்தானே பிடிக்கவேண்டும்?

றெஜீனா லூர்து அக்காவின் வீட்டுக்குப் போனாள்.

லூர்து அக்கா வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். போனைக் கொடுத்தார். றெஜீனா கோட்டைப் போட்டாள். முதல் சாமான் வாங்க வேண்டுமே? தேவை என்று அவருக்கு ஒன்றுமே தோன்றவில்லை. மறுபடி ஒரு லைற் மாலைதான் வாங்கினார்.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் முற்றத்தில் செருப்புத் தேடிக்கொண்டு நிற்கும்போது வெடித்தது.

“மச்சாள், லூர்தக்கா என்ர ஆள் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?” என்றாள் கொன்சி.

“உங்கட ஆளோ? அவ என்ன, நீங்கள் வளர்க்கிற ஆடோ, காதில அடையாளம் வெட்டி விட?” என்றாள் றெஜீனா.

“எனக்கு இன்னும் கொஞ்சம் இருந்தாத் தங்கம். அது தெரிஞ்சுதான் இழுத்தனீங்கள்.”

“தங்கமோ! ரெண்டு தலகணி உறையோட உங்களுக்குத் தங்கக் கிரீடமோ?”

லூர்து அக்கா பக்கத்தில்தான் நின்றார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஒரு செருப்போடு நடந்து போய்விட்டார். மற்றச் செருப்பை நான்தான் பின்னேரம் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்தேன். கதவு திறக்கவில்லை.

அன்றிலிருந்து என் மனைவிக்கும் என் தங்கைக்கும் பேச்சில்லை. எங்கள் மகளுக்கு ஞானத்தாய் றெஜீனா! ஒரு வேலி, ஒரு கிணறு, கோயிலில் உட்காருவதும் ஒரே வாங்கு. அந்த வாங்கில் இப்போது இரண்டு பேருக்கும் நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். பூசை முழுக்க இரண்டு பக்கத்திலிருந்தும் அனல்.

சரி. இப்போது போன கிழமைக்குத் திரும்பி வருவோம். மாதா எங்கள் வீட்டில். மறுநாள் மாலை றெஜீனா வீட்டு வாசல்.

மறுநாள் காலை வழமைபோலக் கூரியர்க் கந்தோருக்குப் போனேன். மேசையில் சிவப்புப் பைகள் மட்டும் கிடந்தன.

“நீலம் எங்க தம்பி?”

கவுண்டரில் நின்ற பொடியன் போனிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னான். “இனி வராது அண்ணை. அவங்கள் இந்தப் பக்கம் டெலிவரியை நிப்பாட்டிட்டாங்கள். கட்டுபடியாகேல்லையாம்.”

“அப்ப ஆக்கள் சேர்த்து வச்ச பொயின்ற்?”

“அது ஆப்புக்குள்ளதானே இருக்கு. இருக்கும். ஆனா இஞ்ச கொண்டுவந்து தர ஆளில்லை.”

றெஜீனா இலுப்பைக்கடவை முழுக்க வாக்குக் கொடுத்திருக்கிறாள். மாமியார் வீட்டாருக்கு என்ன பதில் சொல்லுவாள்? கொன்சிக்கு இது தெரிந்தால்? அதுதான் எனக்குப் பெரிய பயம். மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு, அந்த வாசலில் நின்று, ஒரு சொல்... ஒரே ஒரு சொல் குத்தலாகச் சொல்லிவிட்டால்? அதன்பிறகு எந்த மந்திரத்தின் மறு பாதி வரும்?

வீடு வரைக்கும் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டே ஓட்டினேன். வீட்டில் வாயே திறக்கவில்லை. கொன்சி என்னை இரண்டு தரம் பார்த்தாள். அவளும் ஏதோ சொல்ல வந்து நிறுத்தினாள். அது ஏன் என்று பிறகுதான் விளங்கியது.

பின்னேரம் செபமாலை அண்ணை வந்தார். நாலைந்து பேர் வந்தார்கள். வாடைக்காற்றில் மெழுகுதிரி நிற்கவில்லை. கொன்சி முக்காடு போட்டு மாதாவைத் தூக்கிவிட்டாள். ஆனால் நடக்கவில்லை.

“பாட்டு ஆர் எடுக்கிறது?” என்றார் செபமாலை அண்ணை.

எல்லாரும் ஒழுங்கையின் கடைசி வீட்டுப் பக்கம் பார்த்தார்கள். பாட்டில்லாமல் மாதாவைத் தெருவில் கொண்டுபோவதா? செத்த வீட்டிலேயே அப்படி நடப்பதில்லை.

கொன்சி என்னைப் பார்த்தாள். “இஞ்சருங்கோ, போய் லூர்தக்காவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. நான் கேட்டனான் எண்டு சொல்லுங்கோ.” கொஞ்சம் நிறுத்தினாள். “இல்லை. மாதா கேட்டவ எண்டு சொல்லுங்கோ.”

போனேன். லூர்து அக்காவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே பீடத்தில் அவருடைய சின்ன மாதா. சுற்றிவர இரண்டு லைற் மாலை. ஒன்று மெல்ல மெல்ல மினுங்குகிறது. மற்றது அவசரமாக மினுங்குகிறது. அதன் முன்னால் அவர் முக்காட்டோடு உட்கார்ந்திருந்தார். போகத் தயாராக வெளிக்கிட்டுத்தான் இருந்தார்!

“அக்கா, வெளிக்கிட்டுக்கொண்டு ஏன் இருக்கிறீங்கள்?”

“நேற்றும் வெளிக்கிட்டனான் தம்பி. வாசல் படலை வரைக்கும் வந்திட்டுத் திரும்பீட்டன்.”

“ஏனக்கா?”

“கொன்சி வீட்டை வந்தா றெஜீனா பாப்பாள். றெஜீனா வீட்டுக்குள்ள போனாக் கொன்சி பாப்பாள். நான் ரெண்டு பேரின்ரயும் ஆளெண்டு போன் சொல்லுது. ரெண்டு பேரும் நான் தூக்கின பிள்ளையள். நான் ஆருக்குத் தம்பி துரோகம் செய்தனான்?”

இந்த மனுசி லைற் மாலை வாங்கியது தவிர வேறென்ன செய்தார்? இரண்டு பெரிய கடைகள் எங்கேயோ கொழும்பில் இருந்துகொண்டு மல்லுக்கட்ட, இங்கே ஒரு கருவாட்டுக்காரி மாதாவின் முன்னால் குற்றவாளியாக உட்கார்ந்திருக்கிறார்.

அவர் போனை என்னிடம் நீட்டினார். “ரெண்டையும் அழிச்சு விடு தம்பி. எனக்கு ஒரு கடையும் வேண்டாம். நான் ஒருத்தரின்ர ஆளும் இல்லை.”

அழித்தேன். ‘நிச்சயமாகப் போகிறீர்களா?’ என்று ஒன்று கேட்டது. மற்றது ‘உங்களுக்காக ஒரு விசேட பரிசு காத்திருக்கிறது’ என்றது. லூர்து அக்கா இரண்டையும் எட்டிப் பார்த்தார்.

“என்ன சொல்லுது?”

“போகவேண்டாமாம் அக்கா.”

“அதுக்கு நேரமில்லையெண்டு சொல்லு. மாதா வாசல்ல நிக்கிறா.” எழுந்து எனக்கு முன்னால் நடந்தார்.

அவர் எங்கள் படலைக்குள் வந்ததும் பாட்டு எடுத்துவிட்டார். ஒருவரையும் பார்க்கவில்லை. கொன்சியின் கையிலிருந்த மாதாவை மட்டும் பார்த்தார். அந்தக் குரல் கேட்டதும் அங்கும் இங்கும் கதவுகள் திறந்தன. சிவப்பு வீட்டிலிருந்தும் வந்தார்கள். நீல வீட்டிலிருந்தும் வந்தார்கள். யார் எது என்று அந்த மங்கலில் எனக்கே தெரியவில்லை.

றெஜீனா வாசலில் நின்றாள். கையில் மெழுகுதிரி. முகம் வெளிறியிருந்தது. கொன்சி மாதாவை நீட்டினாள். றெஜீனா மெழுகுதிரியை என்னிடம் தந்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தாள். நான்கு கைகளும் ஒரே சுரூபத்தில். பாட்டு நின்றது.

கொன்சி தொடங்கினாள். “அருள் நிறைந்த மரியே...” முதல் பாதியை முடித்தாள்.

மறு பாதி வரவில்லை.

காற்று இரைகிறது. யாரோ இருமுகிறார்கள். நாங்கள் அத்தனை பேர் நிற்கிறோம், எல்லாருக்கும் மறு பாதி மனப்பாடம். ஆனால் அதை நாங்கள் சொல்ல முடியாது. அவள்தான் சொல்ல வேண்டும். நான் வாழ்க்கையில் பல தரம் பயந்திருக்கிறேன். போட் கவிழ்ந்தும் பயந்திருக்கிறேன். இப்படிப் பயந்ததில்லை.

கொன்சி கொஞ்சம் குனிந்தாள். மெல்லத்தான் சொன்னாள், பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது. “மச்சாள், கை நோகுது. சொல்லுங்கோ.”

றெஜீனாவின் வாயிலிருந்து வந்தது முதலில் அழுகையா மந்திரமா என்று தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் வந்தது. ஆனால் ஆமென் வரைக்கும் வந்தது. எங்கள் எல்லாருடைய ஆமெனும் அதன் மேல் விழுந்தது.

செபம் முடிந்து ஆட்கள் போனபின் றெஜீனா தேத்தண்ணி தந்தாள். நான் மெல்லக் கதையைத் தொடங்கினேன். “தங்கச்சி, இண்டைக்குக் கூரியர்க் கந்தோரில...”

“தெரியும் அண்ணா. முந்தநாளே மெசேஜ் வந்திட்டுது. அதாலதான் மச்சாளின்ர முகத்தைப் பாக்க ஏலாமல் நிண்டனான். எல்லாருக்கு முன்னாலயும் கேட்டிடுவா எண்டு பயம்.”

கொன்சி கப்பைக் கீழே வைத்தாள். இப்போதுதான் அந்தச் சொல் வரப் போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“என்ர தங்கமும் போச்சு மச்சாள்,” என்றாள் அவள். “இண்டைக்கு விடியத்தான் வந்தது. தங்க உறுப்பினர் எண்ட முறையே இனி இல்லையாம். தீவுக்கு டெலிவரியும் இலவசமில்லையாம். இவருக்குச் சொல்ல வெக்கமாக்கிடந்தது.”

விளங்கியதா உங்களுக்கு? எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. நீலம் போன கையோடு சிவப்புக்கு எங்கள் மேல் இருந்த அன்பும் போய்விட்டது. எதிரி இருந்தவரைக்கும்தான் நாங்கள் தங்கம். எதிரி எழும்பிப் போனதும் நாங்கள் மறுபடி தூர இடம். பரிசுகள் எங்களுக்காக வந்தவை என்று நினைத்தோம். அவை மற்றக் கடைக்காரனுக்குக் காட்ட வந்தவை. கடைகள் சண்டையை முடித்துக்கொண்டு போய்விட்டன... எங்கள் கோயில் முற்றத்தில் மட்டும் அது இன்னும் நடந்துகொண்டிருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். றெஜீனாதான் முதலில் சிரித்தாள்.

“அப்ப உங்கட கிரீடமும் போச்சோ மச்சாள்?”

“போச்சு. தலகணி உறை மட்டும் கிடக்கு.”

வாங்கிய சாமானில் குறை ஒன்றும் இல்லை. ஐஸ்பெட்டி நல்லாயிருக்கிறது. உறையும் நல்லாயிருக்கிறது. மலிவான இடத்தில் வாங்குங்கள், யார் வேண்டாம் என்றது? போட்டி இருந்தால் விலை இறங்கும். அது எங்களைப் போன்றவர்களுக்கு நல்லதுதான். ஆனால் வாங்குகிறவனாக இருக்கும்வரைக்கும்தான் நல்லது. ஆள் பிடிக்கிறவனாக மாறிய நிமிடத்தில், போட்டி கடையை விட்டு வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அப்போது இறங்குவது விலை மட்டும் அல்ல.

செபமாலை அண்ணை அன்பியத்தின் குழுவில் மறுபடியும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார். இந்தத் தரம் ஆமென் போட்டவர்கள் மனதாரப் போட்டிருக்கிறார்கள் என்று நம்புகிறேன். லூர்து அக்காவின் பீடத்தில் இரண்டு லைற் மாலையும் இன்னும் மினுங்குகின்றன. ஒன்று மெல்ல, ஒன்று அவசரமாக. அவருக்கு இரண்டும் வேண்டுமாம்.

ஞாயிறு பூசைக்கு இரண்டு மச்சாள்மாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். என்னை வாங்கின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு சுகமாக நான் பிரசங்கம் கேட்டு எத்தனை காலம்!

ஆனால்... நேற்றுக் கூரியர்க் கந்தோர் மேசையில் ஒரு பச்சைப் பையைக் கண்டேன். ‘நண்பரைக் கூட்டி வாருங்கள்’ என்று அதன் மேலேயே அச்சடித்திருந்தது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மாதாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.